ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ்: டோக்கன்காரரும் பிரஸ்காரரும் விட்டால்தானே!

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனது. எங்கள் கடையில் இருப்பதெல்லாம் பழைய ஐ3 மெஷின்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கிடையாது, விண்டோஸ் 11 கேட்கிற பிராசஸரும் கிடையாது. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ்ஸைப் போட்டேன். மடமடவென்று ஏறியது, வைஃபை, ஸ்கேனர் எல்லாம் எதுவும் கேட்காமலே வேலை செய்தன. சந்தோஷப்பட்டது அவ்வளவுதான். இனிமேல் புலம்பல்.

கடை என்றால் தாலுகா ஆபீஸ் எதிரே: ஜெராக்ஸ், மனு டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, ஜிஎஸ்டி ரிட்டர்ன். பிரிண்டர் நின்றால் கடை நின்றது. எங்களிடம் இருப்பது பல கடைகளிலும் பார்க்கிற குட்டி லேசர் வகை. அந்தக் கம்பெனி லினக்ஸுக்கு ஒரு டிரைவரை எந்தக் காலத்திலோ போட்டுவிட்டு மறந்துவிட்டது. அது 32 பிட் லைப்ரரி கேட்கும். போதாததற்குப் பின்னணியில் தனியாக ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எப்படியோ மல்லுக்கட்டி டெஸ்ட் பேஜ் எடுத்துவிட்டேன். மதியம் கரண்ட் போய் வந்தது. மனுவுக்கு ஆள் நிற்கிறது, பிரிண்டர் பச்சை லைட்டைப் போட்டுக்கொண்டு கம்மென்று கிடக்கிறது. ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் கட்டளை அடிக்கிற டெர்மினலைத் திறந்து அந்தப் புரோகிராமை எழுப்பிவிட வேண்டியிருந்தது. கடைசியில் யூபிஎஸ்ஸில் மாட்டி, பூட் ஆகும்போதே அது தானாக எழும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிய பிறகுதான் ஓய்ந்தது.

அடுத்தது தட்டச்சு. எங்கள் கடையில் டைப் அடிக்கிற அக்கா பழைய டைப்ரைட்டர் முறைக்காரர். திரையைக்கூடப் பார்க்க மாட்டார். மின்ட்டின் கீபோர்ட் பட்டியலில் தமிழ் என்று வரிசையாக இருக்கும். அதில் டாப், டிஸ்கி என்று பெயர் போட்டவை யூனிகோடுக்கு (எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் பொதுக் குறியீட்டு முறை) முந்தைய காலத்துச் சரக்கு. அதைத் தொடாதீர்கள். ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவினால் டைப்ரைட்டர், தமிழ்99 இரண்டும் யூனிகோடிலேயே கிடைக்கும். அக்கா ஒரு மனுவை அடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல தம்பி, பழையபடியே வருது" என்றார். அன்றைக்குக் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஆனால் பழைய ஃபைல்கள் இருக்கிறதே! கிரயப் பத்திர மாதிரி, வாடகை ஒப்பந்தம், சொசைட்டி பைலா எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. வாடிக்கையாளர் பென் டிரைவுக்கு அந்த ஆணை இன்னும் போய்ச் சேரவில்லை. பாமினி எழுத்துரு இல்லாத மெஷினில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். எழுத்துரு ஃபைலை லினக்ஸில் போட்டுவிட்டால் படிக்கலாம், பிரிண்டும் எடுக்கலாம். தேட முடியாது, அப்படியே மெயிலில் ஒட்ட முடியாது.

யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் அதற்கு ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், பத்திரத்தில் சர்வே நம்பருக்கு முன்னால் ஆங்கில எழுத்து இருக்கும், பான் எண் இருக்கும். மொத்தமாகக் கொடுத்தால் அதையும் தமிழாக்கிக் கொத்துக்கறி போட்டுவிடும். பத்திரத்தில் பான் எண் தப்பினால் யார் தலை உருளும்? லிப்ரே ஆபீஸில் (வேர்டு மாதிரி இலவச மென்பொருள்) தேடி-மாற்றும் பெட்டியைத் திறந்து, ஃபார்மேட் பொத்தானில் பாமினியைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் அந்த எழுத்துருவில் இருக்கிற பகுதிகள் மட்டும் தனியாகத் தெரியும். அவற்றை மட்டும் மாற்றுங்கள். எண்களை மூலத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை நிஜமாகவே கடுப்பேற்றியது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பென் டிரைவ் மாதிரி செருகுவது. கம்பெனி, எல்எல்பி ஆட்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் அது இல்லாமல் போகாது. (தனிநபர் வணிகம் என்றால் ஓடிபி போதும், இந்தத் தலைவலியே வேண்டாம்.) டோக்கன் விற்ற ஏஜென்சிக்குப் போன் செய்தேன். ரிமோட்டில் உள்ளே வந்த பையன் கொஞ்ச நேரம் மவுஸை அங்கும் இங்கும் ஓட்டினான்.

"கன்ட்ரோல் பேனல் எங்க சார்?"

"இது லினக்ஸ் தம்பி."

"அது ஹேக்கிங்குக்குத்தானே சார்? நீங்க விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க. நம்ம பையனையே அனுப்பறேன், ஐநூறு ரூபா, ஆபீஸும் சேத்துப் போட்டுருவான்."

இலவசம் என்று சொல்லி லினக்ஸை விற்கப் பார்ப்பவர்கள் இந்த ஐநூறு ரூபாயைக் கணக்கில் எடுப்பதில்லை. திருட்டு விண்டோஸ் வீடு தேடி வரும் ஊரில் இலவசத்துக்கு என்ன மவுசு? தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அந்த லேப்டாப்கள் இன்னும் ரிப்பேருக்கு வருகின்றன. பாஸ் இருந்த இடத்தில் சினிமாதான் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பாடமே லினக்ஸில் நடக்கிறது. அங்கே பாடமும் பரீட்சையும் அதில். இங்கே லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்ததோடு சரி.

டோக்கனுக்கு வருகிறேன். தயாரித்த கம்பெனியின் டிரைவர் ஜிப்புக்குள் லினக்ஸ் என்றே ஒரு ஃபோல்டர் இருந்தது! விற்றவருக்கே தெரியவில்லை. டோக்கனோடு பேசுகிற பிசிஎஸ்சிடி சேவையை நிறுவி, அந்த லைப்ரரியை ஃபயர்ஃபாக்ஸில் செக்யூரிட்டி டிவைசஸ் பகுதியில் ஏற்றினேன். கையெழுத்துப் போட வைக்கும் சின்ன மென்பொருளுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. அதற்குப் பிறகும் 'கனெக்ட் ஆகவில்லை' என்றே வந்தால், அந்த மென்பொருள் நம் மெஷினுக்குள்ளேயே ஓடுகிற முகவரியை பிரவுசரில் ஒருமுறை திறந்து சான்றிதழ் எச்சரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். நாள் முழுக்கத் தின்றது அந்த ஒரு கிளிக்தான். ரிட்டர்ன் போய் ஏஆர்என் என்ற ஒப்புகை எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஏஜென்சி நம்பருக்கே அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

தோற்ற இடம் ஒன்றே ஒன்று: பிரஸ். கல்யாணப் பத்திரிகை டிசைனை ஸ்க்ரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தேன். (பழைய 1.4-இல் தமிழ் உடைந்து வரும், பக்கமே போகாதீர்கள்.) நிறமெல்லாம் அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே, சுத்தமான பிடிஎஃப். பிரஸ்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை, விண்டோஸில் ஓடுகிற கோரல் டிரா டிசைன் மென்பொருளின் ஃபைல்தான் வேண்டுமாம். "அண்ணே, கோரல்ல குடுங்க. கடைசி நேரத்துல தாய்மாமன் பேரு விட்டுப்போச்சும்பாங்க, நான் எதுல திருத்தறது?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. முகூர்த்த நாளில் அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

அதனால் ஒரு மெஷினில் மட்டும் விண்டோஸ் 10 இருக்கிறது, நெட் இணைப்பு இல்லாமல், பிரஸ் வேலைக்கு மட்டும். மீதி எல்லாம் மின்ட். மாறப்போகிறவர்கள் ஓஎஸ்ஸில் கை வைப்பதற்கு முன் பிரிண்டரைப் பாருங்கள். புதிதாக வாங்குவதானால் பெட்டியில் ஏர்பிரின்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அவை லினக்ஸில் டிரைவர் இல்லாமலே ஓடும். முடிந்தால் லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கிற லைவ் பென் டிரைவோடு ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், காசு கொடுப்பதற்கு முன்பே ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.