மண்முனைப் பாலத்தைக் கடக்க ஒரு கார்

2025 ஜூன் 11

இன்று அம்மாவுக்குக் கிளினிக். காலை ஐந்தரைக்கே கொக்கட்டிச்சோலையிலிருந்து புறப்பட்டோம். போகும்போது கார் ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது, கச்சான் காற்று அனலாக அடித்தது. ஆரையம்பதி தாண்டியதும் வெப்பமுள் ஏறத் தொடங்கியது. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடிகளை இறக்கினேன். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டால் வீடுவரை தாக்குப்பிடிக்கும் என்ற நம்பிக்கை. பின்சீட்டில் அம்மா, வழக்கம்போல இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் இருந்தார். குடிக்க அல்ல, ரேடியேட்டருக்கு.

மட்டக்களப்பு வாவிக்கு மேலே, மண்முனைப் பாலத்தின் நடுவில் புகை வந்துவிட்டது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடம். வயல் வட்டைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தன் குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பேர்கூடக் கேட்கவில்லை.

இந்தக் காரில் அம்மாவை இனி ஏற்றமாட்டேன்.

ஜூன் 15

மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ரேடியேட்டரில் குமிழ் குமிழாக வந்தது. ஒயில் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் களி. ஹெட் கேஸ்கட் மறுபடியும் போய்விட்டது. எஞ்சின் புளொக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கிடக்கிற மெல்லிய தகடு அது. அது விட்டால் எரிகிற காற்று தண்ணீருக்குள் போகும், தண்ணீர் ஒயிலுக்குள் போகும். அலுமினிய ஹெட் ஒருமுறை சூட்டில் வளைந்துவிட்டால், லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தினாலும் பழைய உறுதி வருவதில்லை. நான் இரண்டு முறை கொடுத்துவிட்டேன்.

இதை வாங்கியது 2021இல். அதற்கு முந்தின ஆண்டு மார்ச்சில், டொலர் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். நாட்டில் ஓடிய பழைய கார்களுக்கு ஏறின விலையைச் சொல்லி முடியாது. இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்கு இன்னும் கூடும் என்ற பயத்தில், பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். விற்றவர் பழுது தெரியாமலிருக்கத் தடித்த ஒயிலும் புதுக் கூலன்டும் ஊற்றி வைத்திருந்தார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அடுத்த வருடம் எரிபொருள் நெருக்கடி. கியூஆர் அட்டையைக் காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கிய காலத்தில், நின்ற நாட்களே அதிகம். நின்றதில் குழாய்களும் கெட்டன.

ஜூன் 28

இறக்குமதியை மறுபடி திறந்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து கார் எடுத்துத் தரும் காத்தான்குடி நாநாவிடம் போன மாதமே அட்வான்ஸ் கட்டியாச்சு. இன்று கூப்பிட்டு, “தம்பி, ஏலத்தில ஒண்டு விழுந்திருக்கு, வந்து பாருங்க” என்றார். வேகன் ஆர், 2023ஆம் ஆண்டு வண்டி. 660 சிசிக்குள் அடங்கும் சின்ன எஞ்சின். வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துத்தான் போடுகிறார்கள், அதன்மேல் 18 சதவீத வற் வரி வேறு. எங்கள் கைக்கு எட்டுவது இதுதான். ஆனால் நான் இதைக் கேட்டதற்கு முதல் காரணம் கூரையின் உயரம். அம்மாவால் முழங்காலை மடக்கிக் குனிந்து ஏற முடியாது. இதில் கதிரையில் அமர்வதுபோல அமரலாம்.

ஏலத் தாளை எனக்கு வாசித்துக் காட்டினார். காரின் படத்தில் ஏ1 என்று போட்டிருந்தால் சின்னக் கீறல், யூ1 என்றால் சின்ன நெளிவு. இந்த வண்டியில் பின்பம்பரில் ஒரு ஏ1, இடதுகதவில் ஒரு யூ1. இருக்கிற குறையைப் படம் போட்டு எழுதித் தருகிறார்களே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நாலு வருடத்துக்கு முன் எனக்கு இப்படி ஒரு தாள் கிடைத்திருக்க வேண்டும்.

ஜூலை 9

கிளினிக்குக்கு ஓட்டோவில் போனோம். பள்ளங்களில் அம்மா என் தோளைப் பிடித்தபடியே வந்தார்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. விடிய முன்னம் மாமாங்கக் கோயிலுக்குப் போய் அப்பாவுக்காகத் தீர்த்தமாடிவிட்டு வந்தேன். நல்ல சனம்.

திரும்பும்போது பஸ் பாலத்தில் ஏறியதும் பழைய துறை இருந்த பக்கம் பார்த்தேன். இந்தப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போக, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். மோட்டார் பூட்டின அதில் ஆட்களும் மாடும் சைக்கிளும் ஒன்றாக நிற்போம். இரவில் அது ஓடாது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஓர் இரவில். உழவு மெசின் பெட்டியில் படுக்கவைத்துத் துறைவரை கொண்டுவந்து விடியும்வரை இருந்தோம். அக்கரையில் வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

ஜூன் 11ஆம் தேதி அந்தப் பாலத்தில் நின்றபோது அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் துறைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேன். அதை இங்கே எழுத இத்தனை நாள் எடுத்தது.

ஆகஸ்ட் 3

பழைய காரைக் கொடுத்துவிட்டேன். கேட்டு வந்தவர்களில் ஒரு பெடியன், கலியாணம் முடித்து ஆறு மாதம், மனைவிக்கு இது ஏழாம் மாதம் என்றான். ஓடுகிற கார் என்று சொன்னால் அன்றே காசு தந்திருப்பான். எஞ்சின் மூடியைத் திறந்து களியைக் காட்டினேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் உதிரிப்பாகத்துக்கு எடுப்பவரிடம் பாதி விலைக்குப் போனது. அக்கா காசு குறைந்ததைப் பற்றிக் கவலைப்பட்டாள். எனக்குக் கவலையில்லை.

ஆகஸ்ட் 14

“கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்திட்டு தம்பி.” நாநாவின் குரலைக் கேட்டதும் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். இனிச் சுங்கம், பிறகு பதிவு. அவசரப்படுத்த வேண்டாம் என்றார். சரி என்றேன். ஆனாலும் பின்னேரம் மறுபடி எடுத்து, சேஸிஸ் நம்பரை ஒருமுறை சொல்லச் சொல்லி, தாளில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30

வந்துவிட்டது. காத்தான்குடியில் போய் எடுத்தேன். சாவியை வாங்கியதும் முதலில் எஞ்சின் மூடியைத்தான் திறந்தேன். கூலன்ட் அளவுக்கோட்டில் நின்றது. ஒயில் மூடியின் உட்புறம் துடைத்ததுபோல் சுத்தம். நாநா பக்கத்தில் பேசாமல் நின்றார். பார்த்து முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

இதில் வெப்பமுள் கிடையாது. குளிராக இருக்கும்போது ஒரு நீல விளக்கு, சூடேறியதும் அது அணைந்துவிடும். அளவுமீறிச் சுட்டால் மட்டும் சிவப்பு. வீடுவரை என் கண் இல்லாத முள்ளைத் தேடியது.

வீட்டு வாசலில் அம்மா தேங்காயும் கற்பூரமும் எடுத்துவைத்திருந்தார். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கினேன். அப்புறம் தாந்தோன்றீஸ்வரர் கோயிலடிவரை ஒரு சுற்று.

செப்டெம்பர் 3

கிளினிக். ஐந்தரை மணி, இன்னும் இருட்டு. அம்மா யாரையும் பிடிக்காமல் தானே ஏறி அமர்ந்தார். கதவைச் சாத்தப் போனேன், “கொஞ்சம் நில்லு மனே” என்றார். குசினி வாசலைக் காட்டினார். இரவே நிரப்பிவைத்த இரண்டு பெரிய போத்தல்களும் அங்கே நின்றன.

போய் எடுத்து, ஒன்றைத் தேசிக்கன்றுக்கு ஊற்றினேன். மற்றதிலிருந்து ஒரு சின்னப் போத்தலுக்கு மாற்றி அம்மாவின் கையில் கொடுத்தேன்.

“இது போதும் அம்மா. நீங்க குடிக்க.”