கோழிக்குக் கொம்பு எங்கே?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தரம் 3 படிப்பிக்கிறேன். வகுப்பில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் பாதி சிங்களம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அரசாங்கம் தரும் பாடநூல் எல்லோருக்கும் ஒன்றுதான். பிள்ளைகள்தான் ஒன்றில்லை.

ஒரு பையன் 'கோழி' எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் 'க' போட்டான். பிறகு யோசித்து, அதற்கு முன்னால் இரட்டைக்கொம்பை நெருக்கித் திணித்தான். கொப்பியைத் திருத்தும்போது பார்த்தால் அது வெறும் கிறுக்கல். ஆனால் அவன் காதில் விழுந்த ஒழுங்கில்தான் எழுதியிருக்கிறான்: மெய் முன்னே, உயிர் பின்னே. நம் எழுத்தில்தான் ஓசையில் பின்னால் வருவதன் குறி முன்னால் நிற்கிறது. இவனைப் போய் 'மெல்லக் கற்பவன்' என்று எப்படி எழுதுவது?

அட்டையில் குறிகளைத் தனித்தனியாக வெட்டி, மேசையில் நகர்த்திச் சொல் கட்ட வைத்தேன். அவனுக்கு மட்டுமல்ல, முழு வகுப்புக்கும். தனியாகக் கூப்பிட்டு இருத்தினால் இடைவேளைக்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடும். கடகடவென்று வாசிக்கிற பிள்ளைகளும் 'கௌ'வில் தடுமாறியது வேறு கதை.

காது கொஞ்சம் மந்தமான ஒரு பிள்ளைக்காகக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை விட்டேன். வெளியே பஸ் ஹோன் ஓயாத தெரு. பிள்ளைகளைப் பார்த்துப் பேசியதும் கடைசி வாங்கில் இருப்பவர்களும் பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

எழுதத் தடுமாறும் பிள்ளை வாயால் சொல்லும் விடைக்கும் புள்ளி போடுகிறேன். "வாயால் சொன்னதற்கும் புள்ளி போட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா மிஸ்?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். பெற்றோருக்கோ இப்போதே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக் கவலை. அந்தப் பரீட்சையிலேயே வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரமும் கொடுக்கிறது. நாடே செய்வதை வகுப்பில் நான் செய்தால் மட்டும் சலுகையா?

அதற்காக எல்லாம் என் கையில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் இருக்கவே முடியாத, பேச்சே வராத பிள்ளையை இத்தனை பேருக்கு நடுவில் ஒரு ஆசிரியர் தனியாகப் பார்க்க ஏலாது. விசேட கல்வி அலகு எல்லாப் பாடசாலையிலும் இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிக்கும் 'உட்படுத்தல் கல்வி' என்று கருத்தரங்கு வைப்பவர்கள் வகுப்புக்கு ஒரு உதவி ஆசிரியரையும் தரட்டும்.