இரண்டாவது பட்டறைக்காரர்

காயவைத்து ஒடியலாக்குவதற்காகப் பனங்கிழங்கை நெடுக்காகக் கிழிக்கும் சிறு இயந்திரம் ஒன்றை, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பட்டறை வைத்திருக்கும் என் பெரியப்பா சில ஆண்டுகளுக்கு முன்னர் செய்தார். ஒரு கிழங்கைப் போல மற்றொன்று இருப்பதில்லை. ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கிய அந்தப் பொருளை நழுவவிடாமல் கத்திக்கு நேரே கொண்டுபோவதுதான் சிக்கல். பழைய சைக்கிள் இருக்கை ஒன்றின் சுருள்வில்லை இரண்டு இரும்பு உருளைகளோடு பொருத்தி அவர் அதைத் தீர்த்தார். நான்கைந்து இயந்திரங்கள் விற்றபின், சுன்னாகத்தில் ஒருவர் அதையே பார்த்துச் செய்து, உருளைகளில் மட்டும் சைக்கிள் ரியூப் ரப்பரைச் சுற்றியிருந்தார். அதனால் கிழங்கு நசியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் கோபம். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெரியப்பாவோ, “அவன் செய்தது என்ரயைவிட நல்லாத்தான் கிடக்கு” என்று சொல்லி, அடுத்த கிழமையே தன் உருளைகளுக்கும் ரப்பர் சுற்றத் தொடங்கினார்.

எனக்கு மனம் ஆறவில்லை. தமிழகத்தார் காப்புரிமை என்றும் நாம் ஆக்கவுரிமை என்றும் சொல்லும் அந்த உரிமையைப் பெற்றிருக்கலாமே என்று, இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டினேன். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் மற்றவர் எவரும் அனுமதியின்றி அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. அதற்கு ஈடாக, துறை தெரிந்த ஒருவர் படித்துச் செய்யக்கூடிய அளவுக்கு நுட்பத்தை முழுமையாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் விண்ணப்பிக்கும்போது அது புதியதாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. சில ஆண்டுகளாகச் சந்தையில் ஓடும் இயந்திரம் சட்டத்தின் கண்ணில் புதியதன்று. அதைத் தாண்டினாலும், இலங்கையில் பெற்ற உரிமை பாக்குநீரிணைக்கு அப்பால் செல்லாது. மீறியவரை நிறுத்த வேண்டுமென்றால் வழக்குச் செலவைப் பெரியப்பாதான் சுமக்க வேண்டும். அந்தச் செலவு அவர் விற்ற இயந்திரங்கள் எல்லாவற்றின் விலையையும் விழுங்கிவிடும்.

கோபம் தணிந்தபின் எனக்குள் வேறொரு கேள்வி எழுந்தது. அந்த உரிமை பெரியப்பாவின் கையில் இருந்திருந்தால், ரப்பர் சுற்றிய உருளை பிறந்திருக்குமா?

நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் கதை இதைத்தான் கேட்கிறது. நீராவியைத் தனிக் கலனில் குளிரவைக்கும் அவரது முறைக்கு 1769இல் உரிமை கிடைத்தது. 1775இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அதை 1800 வரை நீட்டிக் கொடுத்தது. இரட்டைச் சிலிண்டர் நீராவி இயந்திரம் செய்த ஜொனதன் ஹோர்ன்புளோவர் அந்த உரிமையில் முட்டி முடங்கிப்போனார். வாட்டும் தப்பவில்லை: சுழல் இயக்கத்துக்கு எளிய வழியான வளைதண்டை 1780இல் வேறொருவர் உரிமைப்படுத்திவிட்டதால், ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் சுற்றுவழியை அவர் நாட நேர்ந்தது. உரிமை முடிந்தபின், இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களின் பொறியியலாளர்கள் 1811 முதல் தங்கள் இயந்திரங்கள் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தன என்பதை மாதந்தோறும் அச்சிட்டுப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் மற்றவரின் வடிவத்தைத் திருத்தத் திருத்த, இயந்திரங்களின் திறன் பன்மடங்கு உயர்ந்தது. சுன்னாகத்தில் நடந்ததும் இதுதான், அளவு மட்டும் சிறியது.

இதைக் கொண்டு ஆக்கவுரிமையே வேண்டாம் என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. அந்த நீண்ட பாதுகாப்பு இல்லாவிட்டால் தொழிற்பங்காளியான மத்தியூ போல்ட்டன் வாட்டை நம்பித் தன் பணத்தைப் போட்டிருப்பாரா என்பது நியாயமான கேள்வி. மருந்தில் அது இன்னும் கூர்மையாகிறது: கண்டுபிடிக்கவும் பரிசோதிக்கவும் ஆண்டுக்கணக்கும் பெரும்பணமும் வேண்டும், படியெடுப்பதோ எளிது. அங்கே காவல் வேண்டும். ஆனால் மருந்துப் பொருளுக்கு அன்றி அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை என்று இந்தியா 1970இல் சட்டம் இயற்றியிராவிட்டால், ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கு மேல் விற்ற எயிட்ஸ் கூட்டு மருந்தை 2001இல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லா 350 டொலருக்குத் தர முன்வந்திருக்க முடியாது. 2005இல் இந்தியாவும் பொருளுக்கான உரிமைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. புற்றுநோய் மருந்துக்கும் கிழங்கு கிழிக்கும் உருளைக்கும் ஒரே 20 ஆண்டு என்பதுதான் எனக்கு விளங்காத கணக்கு. இயந்திரத் துறையில் அவ்வளவு நீண்ட காவல், முதலாமவருக்குத் தரும் ஊக்கத்தைவிட இரண்டாமவருக்கு இடும் தடையே பெரிது என்பது என் முடிவு. உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கடுக்காக இடும் முப்பரிமாண அச்சு முறையின் அடிப்படை உரிமை 2009இல் காலாவதியான பின்னர்தான் மலிவான அச்சுப்பொறிகள் பெருகின.

உரிமை இல்லாமலே புத்தாக்கம் நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போன 1990களின் முற்பகுதியில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும், கவிழ்த்துவைத்த சைக்கிளின் டைனமோவில் செய்தி வாசித்த வானொலியும், ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரியில் எரிந்த விளக்கும் ஊரெங்கும் பரவின. எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பொருளாதாரத் தடையைப் புத்தாக்கத்தின் தாய் என்று புகழ்வோரைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆயினும் நடந்தது நடந்ததுதான். அவற்றை முதலில் செய்தவர் யார், எந்த அளவில் எதைக் கலந்தார் என்று எழுதிவைத்தவரும் இல்லை.

எழுத்து இல்லாமையின் விலையை மஞ்சள் வழக்கு காட்டியது. புண்ணுக்கு மஞ்சள் பூசுவதற்கு அமெரிக்கா 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையத்துக்கு உரிமை வழங்கியது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் வழங்கிவரும் பழக்கம் எழுத்தில் இல்லையென்றால் சான்றாகாது. நம் பாட்டிமார் ஆயிரம்பேர் போய்ச் சொல்லியிருந்தாலும் எடுபட்டிராது. இந்திய அறிவியல் ஆய்வு மன்றம் சமஸ்கிருத நூலையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் முன்வைத்த பிறகே 1997இல் அந்த உரிமை இரத்தானது.

ஆகவே விண்ணப்பப் படிவத்தை மூடிவைத்துவிட்டு, போன சனிக்கிழமை அளவுநாடாவுடன் பட்டறைக்குப் போனேன். உருளையின் விட்டம், வில்லின் நீளம், கத்தியின் சாய்வு எல்லாவற்றையும் அளந்து, திகதியிட்டு, படத்துடன் இங்கே வெளியிடுகிறேன். இனி எவரும் இதைப் புதியது என்று தமக்கு மட்டும் எழுதிக்கொள்ள முடியாது, விரும்பியவர் செய்து திருத்தலாம். வரைபடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்த பெரியப்பா ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்: ரப்பருக்கு நேரே சுன்னாகத்தவரின் பெயரைப் போட வேண்டுமாம். அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் சேர்ப்பேன்.