வருஷா வருஷம் கேஸ் கேட்ட வண்டி

மச்சான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது தன் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். 2004 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம், இருபது வருஷம் ஓடிய எந்த வண்டிக்கும் இந்தக் கதை பொருந்தும். கிளவ் பாக்ஸைத் திறந்தால் இன்ஷூரன்ஸ் பேப்பர்களுக்கு அடியில் ஏசி கடை பில்கள் ஒரு கத்தை. பங்குனி வெயில் ஏறினால் ஒரு பில், எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘கேஸ் டாப்-அப்’.

ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்கிற சமாச்சாரம் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. வீட்டு ஃபிரிட்ஜைப் போல முழுக்க வெல்டிங் வைத்து அடைத்ததல்ல என்பதால் கார் ஏசியில் ரப்பர் ஹோஸ், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகக் கொஞ்சம் கசியும்தான். ஆனால் அது பல வருஷத்துக்குச் சேர்த்துத் தெரிகிற கசிவு. ஒரே கோடையில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைப் பார்க்காமல் கேஸ் அடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் நான் இறங்கினேன்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்த்துவிட்டேன். மீன் தொட்டிக்கு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி ஓட்டினால் 19 டிகிரி காட்டியது. நல்ல ஏசி, சென்னை வெயிலில்கூட ஓடும் வண்டியில் பத்தைச் சுற்றி நிற்க வேண்டும். அடுத்து, ஏசி போட்டதும் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பானெட்டைத் திறந்து பார்த்தேன், சுற்றியது. ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றதும் அனல் அடிக்கும் வண்டிகளில் பாதிக்கு இந்த ஃபேன்தான் காரணமாக இருக்கும். அது ஓடாமல் கேஸ் மட்டும் அடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் போன கடையில் பானெட்டைத் தூக்கி, காதை வைத்துக் கேட்டு, “கம்ப்ரசர் போச்சு சார், பதினெட்டாயிரம் ஆகும்” என்றார்கள். மீட்டர் போடவே இல்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தவர் வயதானவர், தனியாக ஷெட் வைத்திருப்பவர். “மீட்டர் போடாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி” என்றுதான் ஆரம்பித்தார். மீட்டரில் நீலம் குறைந்த அழுத்தப் பக்கம், சிவப்பு கூடின அழுத்தப் பக்கம். இன்ஜின் நிறுத்திய நிலையில் இரண்டு முள்ளும் 100 பிஎஸ்ஐ பக்கம் நின்றன. கேஸ் இருக்கிறதே என்று நினைக்கத் தோன்றும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை அந்த அழுத்தம் வெயிலின் சூட்டைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. இன்ஜினை ஓடவிட்டதும் விஷயம் வெளியே வந்தது: நீலம் 15, சிவப்பு 120. “கம்ப்ரசர் அடிக்கலேன்னா நீலம் மேல ஏறும், சிவப்பு கீழ எறங்கும், ரெண்டும் கிட்டக்கிட்ட வந்து நிக்கும். இங்க ரெண்டுமே கீழ இருக்கு பாருங்க. கேஸ்தான் கம்மி.” பதினெட்டாயிரம் மிச்சம்.

கசிவைத் தேடியதுதான் பெரிய வேலை. கேஸ் தனியாக வெளியேறாது, கம்ப்ரசர் எண்ணெயையும் கூட இழுத்துக்கொண்டு வரும். அதனால் கசியும் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய அழுக்கும் இருக்கும். முன்பக்கம் கண்டென்சர், ஹோஸ் முனைகள், டிரையர் எல்லாம் சுத்தமாக இருந்தன. பிறகு ப்ளோயரை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் ஏசி தண்ணீர் சொட்டும் டியூபின் வாயில் கேஸ் டிடெக்டரைக் காட்டினார். கத்த ஆரம்பித்தது. இந்த வண்டி ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் காற்றைவிடக் கனம். உள்ளே கூலிங் காயிலில் கசிந்தால் அது இறங்கி அந்த டியூப் வழியாகத்தான் வரும்.

காயில் என்றதும் டேஷ்போர்டு முழுவதும் கழட்ட வேண்டும் என்று பயந்தேன். இந்த வண்டியில் கிளவ் பாக்ஸை எடுத்தாலே காயில் பெட்டி வந்துவிடுகிறது. மிச்சமிருந்த கேஸை மெஷினில் இழுத்துவிட்டுக் கழட்டினார். பெட்டிக்குள் ஒரு சின்ன எருக்குழி! வேப்பிலை, பூ, மண், முடி. மச்சான் வீட்டு வாசலில் வேப்பமரம். வைப்பருக்குக் கீழே உள்ள சந்து வழியாக விழுந்ததெல்லாம் நேராக இங்கே வந்திருக்கிறது. வண்டியில் கேபின் ஃபில்டரும் கிடையாது. ஈரக் குப்பை அலுமினியத்தை ஒட்டியே கிடந்தால் அரிக்கத்தான் செய்யும். காயிலில் நைட்ரஜன் ஏற்றித் தண்ணீர் டிரம்மில் முக்கினார். அடி மூலையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

புதுப்பேட்டையில் பழைய காயில் மலிவாகக் கிடைக்கும் என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். கதவோ கண்ணாடியோ என்றால் நானே போயிருப்பேன். அதே வயசுள்ள இன்னொரு காயிலை வாங்கி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஜி.பி. ரோட்டில் புதுசு வாங்கினேன். கூடவே காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, எல்லா ஓ-ரிங், டிரையர். டிரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும், லைனைத் திறந்தால் மாற்றிவிடுவது நல்லது. அதன் மூடியைக் கடைசி நிமிஷம்வரை அவர் கழட்டவில்லை. கம்ப்ரசர் எண்ணெயான பாக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் என்பதால், பழைய காயிலோடு போன அளவுக்கு ஊற்றியதும் டப்பாவை இறுக்கி மூடினார்.

பிறகு பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்கம், முக்கால் மணி நேரம். இதைப் பத்து நிமிஷத்தில் முடிக்கிற கடைகள் உண்டு. வேக்கத்தில் தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகி வெளியேறும். மிச்சமிருந்தால் வால்வு வாயில் உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து உள்ளே அரிக்கும். பம்பை நிறுத்தி அரை மணி நேரம் விட்டும் முள் நகரவில்லை. அப்புறம்தான் சிலிண்டரைத் தராசில் வைத்தார். பானெட் ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் கணக்குக்கே கேஸ் ஏறியது. ‘கொஞ்சம் சேர்த்து அடிங்க’ என்பது கூடாத பேச்சு, அதிகமானால் அழுத்தம் ஏறிக் குளிர் குறையும்.

பக்கத்து ஷெட்டில் ஒரு பழைய அம்பாசடர் நின்றது. ஆர்-12 காலத்து ஏசி. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோன் படலத்துக்காக ஒதுக்கப்பட்ட கேஸ் அது. நம்முடைய 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அத்தனை டாப்-அப்பும் எங்கே போனது என்று அந்த பில் கத்தையை நினைத்துக்கொண்டேன்.

வண்டி ஓடியதும் தெர்மாமீட்டர் எட்டுக்கு இறங்கியது, பிறகு பன்னிரண்டுக்கு ஏறியது. அவர் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தார், இரண்டுமே சூடு. கேபிள் தளர்ந்து வால்வு முழுசாக மூடாததால் ஹீட்டர் வழியாக வெந்நீர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கேபிளை இழுத்துக் கட்டியதும் மறுபடி எட்டு. இதற்குக் காசு வாங்கவில்லை.

எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. வைப்பர் சந்துக்கு அடியில் கொசுவலைக் கம்பி வெட்டி வைத்திருக்கிறேன். மழைக் காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஏசி ஓடுகிறது, கம்ப்ரசர் சீலுக்கு எண்ணெய் போக வேண்டும். அடுத்த கோடையும் கேஸ் கேட்காமல் போனது. இப்போது ப்ளோயர் நான்காம் நம்பரில் மட்டும் சுற்றுகிறது, மற்ற வேகங்களைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். இந்த வாரம் கிளவ் பாக்ஸை நானே கழட்டப் போகிறேன்.