ரன் என்றால் ஓடு மட்டுமா?

ஒரு மென்பொருளின் மெனுவைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது 'ரன்' என்ற பட்டனில் மாட்டிக்கொண்டேன். 'ஓடு' என்று போட்டால் யாரையோ விரட்டுகிற மாதிரி இருக்கிறது, 'ஓட்டு' என்றால் தேர்தல் ஞாபகம் வருகிறது. எல்லாரும் போடுகிற 'இயக்கு'வையே போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம், அகராதியைத் திறந்துவிட்டேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்'டுக்குத்தான், வினையாக மட்டும் 430 பொருள். அப்புறம் திருத்திய பதிப்புக்காக 'ரன்'னை எடுத்தார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஏறத்தாழ ஒன்பது மாதம் அந்த ஒரே வினையோடு உட்கார்ந்து 645 பொருள்களைப் பிரித்து எழுதினார். ஒன்பது மாதம்!

நமக்கும் வண்டி ஓடும், படம் ஓடும், நாள் ஓடும், பிழைப்பு ஓடும். ஆனால் மூக்கு ஒழுகும், சாயம் போகும், ஆங்கிலத்தில் இவையும் 'ரன்'தான். (அமெரிக்காவில் தேர்தலில் ஓடுகிறார்கள், பிரிட்டனில் நிற்கிறார்கள். நாமும் நிற்கிறோம்.) மூக்குக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பழைய ஜெர்மானிய வேரிலேயே நீர் வழிவதும் கால் ஓடுவதும் சேர்ந்துதான் இருந்தன, ஜெர்மன் மொழியில் 'ரின்னன்' என்றால் இன்றைக்கும் வழிவதுதான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ரின்னன்' என்றும், எழுத்து இடம்மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது, நம் தசை சதையான மாதிரி.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. அந்தப் பழைய மொழிகளில் தானாக ஓடுவதற்கு ஒரு வினை, இன்னொன்றை ஓடவைப்பதற்கு அதிலிருந்தே பிறந்த இன்னொரு வினை. நம் ஓடு-ஓட்டு போலவே. ஆங்கிலத்தில் காலப்போக்கில் இரண்டும் ஒரே 'ரன்'னுக்குள் கலந்துவிட்டன. அதனால்தான் தண்ணீர் ஓடுவதும் ரன், ஒருவர் கம்பெனி நடத்துவதும் ரன். பொருள் எண்ணிக்கை இப்படி வீங்கியதில் இந்தக் கலப்புக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

எல்லா ஜோடியும் கலந்துவிடவில்லை. விழுவது 'ஃபால்', மரத்தை வெட்டி வீழ்த்துவது 'ஃபெல்'. குடிப்பது 'டிரிங்க்', 'டிரென்ச்' என்றால் முதலில் குடிக்கவைப்பது, தொப்பலாக நனைப்பதெல்லாம் பின்னால் வந்த பொருள். அப்புறம் 'சிட்', அதன் ஜோடி யார் என்று பார்த்தால் நம்ம 'செட்', அதாவது உட்காரவைப்பது. 1989-ல் முதலிடத்தில் இருந்ததும் பிறவினை, அதைத் தள்ளிவிட்டு வந்ததும் பாதி பிறவினை!

சரி, பட்டனில் என்ன மாற்றினேன்? ஒன்றும் இல்லை. 'இயக்கு' என்பதே 'இயங்கு'வின் ஜோடி என்று உறைக்க ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது.