ரோமன் காயின் பிராக்டிகல் ரெண்டாவது அட்டெம்ப்ட்ல பாஸ்: மூஞ்சியைப் பார்க்காதீங்க, எழுத்து வரிசையைப் பாருங்க

நேத்து சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு, பாஸ் பண்ணிட்டேன். போன வருஷம் நாலு மார்க்ல போச்சு, அந்த நாலும் ஒரே காசுல போனது, ஒரு வருஷமா மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. அதனால முதல்ல அந்தக் காசைப் பத்தி சொல்லிடறேன்.

ட்ரேல வச்சிருக்கற காசைப் பார்த்து எந்த ராஜா, எந்த வருஷம்னு எழுதணும். மூணாவது தினாரியஸ், ரோமோட வெள்ளிக் காசு, எழுத்தெல்லாம் நல்லாவே தெரிஞ்சுது. அன்டோனினஸ்னு இருக்கு, பக்கத்துல பயஸ்னு இருக்கு, உடனே அன்டோனினஸ் பயஸ், கிபி 138–161னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். தலை சின்னப் பையன் தலை, தாடி இல்ல, அது கண்ணுல பட்டும் தேய்மானம்னு நெனச்சுட்டேன். அது காரகல்லா, பயஸுக்கு அப்புறம் வந்த வேற ராஜா.

காரகல்லாங்கறது அவர் போட்டுக்கிட்ட அங்கியை வச்சு வந்த பட்டப்பேரு, காசுல அந்தப் பேரு இருக்கவே இருக்காது. அப்பா செப்டிமியஸ் செவரஸ் தன்னை மார்கஸ் அரேலியஸ் குடும்பத்தோட சேர்த்துக்கிட்டு பையனுக்கும் அன்டோனினஸ்னு பேரை மாத்தி வச்சாரு. அப்புறம் வந்த எலகாபலஸ் தான் காரகல்லாவோட மகன்னு சொல்லிக்கிட்டு அதே பேரை எடுத்துக்கிட்டாரு. சரி, எப்படிப் பிரிக்கறது? வரிசைதான்:

- அன்டோனினஸ் ஏவிஜி பயஸ் பிபி (ஏவிஜின்னா அகஸ்டஸ், பேரரசர் பட்டம்; பிபின்னா தேசத் தந்தை): இது நிஜமான பயஸ். ஏவிஜி முன்னாடி வரும்.
- அன்டோனினஸ் பயஸ் ஏவிஜி: காரகல்லா. கடைசில ஜெர்ம் (ஜெர்மானியரை ஜெயிச்ச பட்டம்) சேர்ந்திருந்தா 213க்கு அப்புறம்.
- முன்னாடி ஐஎம்பி (இம்பரேட்டர்ங்கற பட்டம்) போட்டு அன்டோனினஸ் பயஸ் ஏவிஜி, பின்பக்கம் நட்சத்திரம்: எலகாபலஸ், 218–222.

இந்த மூணையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற மாதிரி வச்சுக்கங்க. இந்த வாட்டியும் ட்ரேல எலகாபலஸ் இருந்துச்சு, பார்த்த உடனே கண்ணு கலங்கிடுச்சு.

மூஞ்சியை வச்சு ராஜாவைக் கண்டுபிடிக்கறவங்க இருக்காங்க, எனக்கு அது வராது. நான் முதல்ல எழுத்து, அப்புறம் எடை, கடைசிலதான் தலை. ரெண்டாம் மூணாம் நூற்றாண்டுக் காசுன்னா பெரும்பாலும் கீழ் இடது பக்கம் தொடங்கி கடிகார முள் போற திசைல படிங்க, வி எழுத்தை யுன்னு படிங்க. எனக்கு டைம் பிரஷர்ல மூளை நின்னுடும், அதனால காசைத் தொடறதுக்கு முன்னாடியே தெரியுற எழுத்தையெல்லாம் அப்படியே ரஃப் பேப்பர்ல எழுதிடுவேன், தெரியாத இடத்துல புள்ளி.

தேதி போடறப்ப டிஆர்பிக்கு (ராஜாவோட ட்ரிப்யூன் அதிகாரம்) பக்கத்துல வர்ற நம்பர்தான் கை கொடுக்கும், அது வருஷா வருஷம் ஏறும். சிஓஎஸ் (கான்சல்ங்கற உயர் பதவி எத்தனை தடவைன்னு சொல்றது) நம்பர் அப்படி இல்ல, ஹாட்ரியன் 119ல மூணாவது தடவை கான்சல் ஆனவரு, அதுக்கப்புறம் ஆகவே இல்ல, 138ல சாகற வரைக்கும் சிஓஎஸ் மூணுதான். அதைப் பார்த்து 119னு எழுதினா மார்க் வராது.

மத்தது சுருக்கமா:

- வெள்ளில கதிர் கிரீடம் இருந்தா தினாரியஸ் இல்ல, 215ல காரகல்லா கொண்டு வந்த அன்டோனினியானஸ். ராணின்னா தோளுக்குக் கீழ பிறை.
- ஃபாஸ்டினாங்கற ராணி ரெண்டு பேர், பயஸோட மனைவியும் பொண்ணும். கொண்டை உச்சந்தலைல இருந்தா அம்மா, பின்கழுத்துகிட்ட இருந்தா பொண்ணு.
- டிஐன்னு ஆரம்பிச்சு அகஸ்டஸ்னு முடிஞ்சா அது டைபீரியஸ், அகஸ்டஸ் இல்ல. பின்பக்கம் உக்காந்திருக்கற உருவம், பான்டிஃப் மாக்ஸிம்னு (தலைமைப் பூசாரி) எழுத்து. தமிழ்நாட்டுப் புதையல்கள்ல நிறைய கிடைச்ச வகை, நம்ம பேப்பர்ல வராம இருக்காது.
- தலைல உளி வெட்டு இருந்தா பதறாதீங்க. 1898ல புதுக்கோட்டைப் பக்கம் கிடைச்ச 501 தங்கக் காசுல பெரும்பாலானதை இப்படித்தான் வெட்டியிருக்காங்க. வெட்டு இருக்குன்னும் பதில்ல எழுதுங்க.

கான்ஸ்டன்டைன் குடும்பத்துச் செம்புக் காசுல நான் இன்னும் வீக்தான். கான்ஸ்டன்டினஸ், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ், பாதி எழுத்து தேஞ்சு போனா மூணும் ஒண்ணாத்தான் தெரியுது, இந்த வாட்டி ரெண்டு தப்பு. கீழ இருக்கற மின்ட் எழுத்தை (காசு அடிச்ச ஊர்) மட்டும் சரியா எழுதினேன், எஸ்எம்ஏஎன்டி, அந்தியோக்கியா, அதுக்கு பாதி மார்க் கிடைச்சுது.