கோடு போட்ட நாற்காலி

சியாட்டிலுக்கு வந்த முதல் நவம்பர். “இந்த ஊருக்கு வந்துவிட்டு ‘ஃபிரேஸியர்’ டிவி தொடரைப் பார்க்காமல் இருக்கிறாயே” என்று அலுவலகத்தில் ஒருவர் அங்கலாய்த்தார். வெளியே மழை. இடியும் கிடையாது, மண்வாசனையும் கிடையாது; யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போனதுபோல் நாள் முழுக்க ஒரு கசிவு. சரி, பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

‘சியர்ஸ்’ என்ற தொடரில் பாஸ்டன் மதுக்கடைக்கு வந்துபோன மனநல மருத்துவர்தான் ஃபிரேஸியர் கிரேன். அந்தத் தொடர் முடிந்ததும், 1993இல் அவரைத் தனியே கிளப்பி சியாட்டிலுக்குக் குடியேற்றினார்கள். 2004 வரை 11 சீஸன், 264 எபிசோடு. வானொலியில் ஊரார் கவலைக்கெல்லாம் வழி சொல்கிறவர். வீட்டில் பியானோ, பார்த்துப் பார்த்து வாங்கிய சோபா, ஜன்னலில் ஸ்பேஸ் நீடில் கோபுரம். முதல் எபிசோடிலேயே அப்பா வந்து சேர்கிறார். இடுப்பில் குண்டு பட்டு ஓய்வு பெற்ற போலீஸ்காரர். கைத்தடி, எடி என்ற நாய், கூடவே ஒரு பழைய நாற்காலி. பச்சையும் பழுப்புமாகக் கோடு போட்டது, கிழிசலுக்கு டேப் ஒட்டியது. அதைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்ததும் அரங்கமே சிரிக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது.

அப்பா மகன் வீட்டுக்கு வருவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது ஒரு பக்கம். இன்னொன்று, அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் போனில் சொல்லியிருந்தான்: “கும்பகோணம் வீட்டைக் காலி பண்ணியாச்சு. ஈஸிசேரைக் காயலான் கடையில போட்டுட்டேன். ஃபிளாட்ல எங்கடா வைக்கிறது?”

நீலக் கோடு போட்ட கித்தான். திண்ணையை ஒட்டிக் கிடக்கும். அப்பா பேப்பரோடு எழுந்து உள்ளே போகிற நேரம் பார்த்து, துணியில் செருகியிருக்கும் கட்டையை உருவிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நிற்போம். அவர் வந்து உட்கார்ந்ததும் தொப்பென்று ஒரு சத்தம். அடி விழும், அப்புறம் அவரே சிரித்துவிடுவார்.

தொடரில் ஃபிரேஸியரும் ஒருநாள் அந்த நாற்காலியை அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி வைப்பார். அப்பா கொதித்துப்போவார். ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கியதை அதில் உட்கார்ந்துதான் பார்த்தேன், பேரன் பிறந்த செய்தியும் அதில் இருந்தபோதுதான் வந்தது என்பார். மகன் ஊரெல்லாம் தேடி மீட்டுக்கொண்டு வருவார். அவருக்கென்ன, உள்ளூரிலேயே தேடலாம்.

அண்ணனிடம் சண்டை போட்டேன். “அவ்வளவு அக்கறைன்னா நீ வந்து தூக்கிட்டுப் போயிருக்கணும்” என்றான். நியாயம்தான். அதனாலேயே இரண்டு மாதம் அவனோடு பேசவில்லை.

இப்போது ஊர் பழகிவிட்டது. இங்குள்ளவர்கள் மழைக்குக் குடை பிடிப்பதில்லை, நானும் விட்டுவிட்டேன். அந்த ஜன்னல் காட்சியைத் தேடி கெர்ரி பார்க் மேட்டுக்குக்கூடப் போனேன். கோபுரமும் தெளிந்த நாளில் ரெய்னியர் மலையும் தெரியும் என்றார்கள். போன அன்று மேகம்தான் தெரிந்தது. தொடரின் பெரும்பகுதியை எடுத்ததே லாஸ் ஏஞ்சலஸில் என்று பிறகு தெரிந்தபோது, ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வானொலியில் அழைக்கிறவர்களிடம் ஃபிரேஸியர் தவறாமல் சொல்வது, ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’. நான் தினமும் இரவு எட்டு மணிக்கு, “சொல்லுங்கப்பா” என்கிறேன். ஒரு கண் லேப்டாப்பில். அங்கே காலை ஒன்பதரை; அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். நாற்காலிப் பேச்சை எடுத்தால், “விடுடா, துணி நைஞ்சு போயிருந்தது” என்கிறார்.

வருகிற மே மாதம் வருகிறார். அவருக்காக முகாமுக்கு எடுத்துப் போகிற மடக்கு நாற்காலி ஒன்று வாங்கினேன். துணியில் கோடுகூட இருக்கிறது. பிரித்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இரும்புக் குழாய், துணியோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். உருவக் கட்டை இல்லை.